வெள்ளிக்கிழமை கான்கிரீட்

பிரீனாவைச் சுயம்புராஜ் பார்த்ததில்லை. போனில் குரல் மட்டும் வரும், ஓசூரிலிருந்து. கொட்டாரத்தைச் சுற்றி அவன் கட்டும் ஐந்து வீடுகளையும் அந்தக் குரல்தான் நடத்தியது. சிமென்ட் இறங்கியதா, கொத்தனார் வந்தாரா, வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரனுக்குப் படம் போனதா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீடாகக் கட்டியவனுக்கு ஒரே நேரத்தில் ஐந்து வந்ததும் தலை சுற்றியது. மனைவி இந்துஜாதான் இணையத்தில் விளம்பரம் போட்டு அவளைப் பிடித்தாள்.

வேலைக்குப் பேசிய அன்று அவன் கேட்டது ஒரே விஷயம்.

“சொந்த ஊரு எது?”

“ஓசூர் சார்.”

“அது இப்ப இருக்கப்பட்ட ஊரு. பேரு நம்ம பக்கத்துப் பேரால்லா இருக்கு. யாருக்க மக?”

“வேலைக்கு அது வேணுமா சார்?”

இந்தப் பக்கத்தில் யாரும் அதற்கு அப்படிப் பதில் சொல்வதில்லை. ஊரைச் சொல்லி, அப்பனைச் சொல்லி, இரண்டு சொந்தக்காரரையும் சொன்ன பிறகுதான் டீயைக் கையில் எடுப்பார்கள். சுயம்புராஜ் அவளை வேலைக்கு எடுத்தான். அந்தப் பதிலையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டான்.

பிறகு இரண்டு தடவை மெஷின் கைவிட்டுப் போனது. கூரைக்குக் கான்கிரீட் கலக்கும் மெஷினும் அதோடு வரும் ஆட்களும் ஸ்ரீஜித்துடையவை. இரண்டு தடவையும் முந்தின நாள் சாயங்காலம் ஸ்ரீஜித் கூப்பிட்டான். “அத்தான், ஷாஜன் கூடுதல் ரூவா தந்து ஏத்திட்டுப் போயிட்டான். பயலுவ வண்டிய எடுத்த பொறவுதான் எனக்கே தெரியும்.” ஷாஜன் போட்டிக் காண்டிராக்டர். கான்கிரீட் நாள் அவனுக்கு எப்படித் தெரிந்தது?

“அந்த ஓசூர்ப் பிள்ளதான்,” என்றான் சுயம்புராஜ்.

“ஸ்ரீஜித்தா இருக்கப்பிடாதா?” என்றாள் இந்துஜா.

“எனக்க அத்தைக்க மவன்டீ.”

“அதுனால?”

இன்னொரு தடவை கூரை தள்ளிப்போனால் வீட்டுக்காரர்கள் ஷாஜனிடம் போய்விடுவார்கள். ஐந்து மறுபடி ஒன்றாகும். மாதக் கடைசியில் பிரீனாவை நிரந்தரமாக்குவதாக வேறு சொல்லியிருந்தான்.

திங்கட்கிழமை அவளிடம் பொய் சொன்னான். “வெள்ளிக்கிழமை முட்டத்து வீட்டுக்குக் கான்கிரீட். மெஷினும் ஆளும் நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்.”

“சரி சார்.”

ஸ்ரீஜித்திடம் சிரித்துக்கொண்டே சொன்னான், “வெள்ளிக்கிழமைக்கு ஷாஜன் மெஷின் கேட்டான்னா எனக்கு ஒரு போன் போடு. ஓசூர்க்காரிய பிடிக்கக் கண்ணி வச்சிருக்கேன்.”

“பிடிச்சிரலாம் அத்தான்,” என்றான் ஸ்ரீஜித்.

ஷாஜன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை முட்டத்திலிருந்து தங்கபாய் கூப்பிட்டாள். அவள் மகன் லிபின் குவைத்தில் இருக்கிறான். வீடு அவனுடையது.

“மக்கா, ஆளுவ எங்க? கறி வெந்தாச்சி. ஜெபம் பண்ணப் போதகரும் வந்து இருக்காரு.”

“என்ன கறி?”

“என்ன கறியா? கான்கிரீட்டுக்கு ஆளுவளுக்குச் சோறு போடாண்டாமா? அந்த ஓசூர்ப் பிள்ள திங்கக்கிழமையே போன் போட்டுச் சொல்லிச்சே. பாதி ஆட்ட வாங்கியாச்சி.”

சுயம்புராஜ் பைக்கை எடுத்தான். வழியெல்லாம் மனசில் ஒன்றே ஓடியது. கூரை போடும் நாளில் வீட்டுக்காரர் கறிச்சோறு போடுவது இங்கே வழக்கம். அதை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. ஓசூர்க்காரிக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் இங்குள்ளவள்தான். எதற்கு மறைக்கிறாள்?

முட்டத்தில் பந்தலுக்கடியில் அண்டா ஆவி விட்டது. இலைக்கட்டு பிரியாமல் கிடந்தது.

“அந்தப் பிள்ளைக்க தப்புதானே?” என்றாள் தங்கபாய். “மண்டையில மூள இருக்கா அவளுக்கு? லிபினிட்ட சொல்லி அவள மாத்தச் சொல்லுதேன்.”

அவன் தலையை ஆட்டினான். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கடல் பக்கமாக நடந்து போய் பிரீனாவைக் கூப்பிட்டான்.

“சோறு போடணும்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“எங்க அப்பா கான்கிரீட்டுக்குச் சட்டி சுமந்தவரு சார். அந்தக் கறி பொதிஞ்சி வீட்டுக்கு வரும். அதுக்காவ முழிச்சி இருப்போம்.”

முதல் தடவையாக அவள் பேச்சில் ஊர் தெரிந்தது.

“பின்ன ஊரச் சொன்னா என்ன?”

“ஊரச் சொன்னா தெருவக் கேப்பாவ. தெருவச் சொன்னா அதுக்குப் பொறவு ஒண்ணும் கேக்க மாட்டாவ. வேலையும் தர மாட்டாவ. எங்க அப்பாவுக்கு எலை எப்பவும் மதிலுக்கு வெளியதான் சார்.”

காற்று அடித்தது. அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“இன்னைக்குக் கான்கிரீட் இல்ல, அப்படித்தானே?” என்றாள். “மெஷின் சத்தமே கேக்கல்ல. மெஷின் போன ரெண்டு தடவையும் வீட்டுக்காரங்கள விட்டா நாள் தெரிஞ்சது மூணு பேருக்கு. நான், நீங்க, ஸ்ரீஜித் அண்ணன். நீங்க என்னைய மட்டும் சோதிச்சிட்டீய.”

கண்ணி இருக்கிறது என்று ஸ்ரீஜித்திடம் தானே சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காட்டிக்கொடுப்பவனுக்கே கண்ணி தெரிந்தால் ஷாஜன் எப்படி வருவான்?

“தங்கபாய் அம்மை என்ன சொன்னாவ?”

“ஒனக்க தப்புன்னு.”

“நீங்க?”

“ஒண்ணும் சொல்லல்ல.”

“இப்பச் சொல்லுங்க. நான் லைன்ல நிக்கேன்.”

அவன் போனைக் கையில் பிடித்தபடியே பந்தலுக்கு வந்தான். போதகர் நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மை, அந்தப் பிள்ள மேல தப்பு இல்ல. நாந்தான் பொய்யா ஒரு நாளு சொன்னேன். அவ ஷாஜனுக்க ஆளோன்னு பாக்க.”

தங்கபாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்க ஆட்ட வெட்டியா பாக்கணும்? லிபினிட்ட நீயே சொல்லு. அவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது. இப்ப இருந்து தின்னு. ஒரு பருக்க மிஞ்சப்பிடாது.”

அவன் இலையின் முன் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தான்.

“நீங்க சொன்னதக் கேட்டேன்,” என்றாள் பிரீனா. “திங்கக்கிழமை வேலைக்கு வருவேன். மெஷினுக்கு வேற ஆளப் பாத்து வைக்கேன். ஊரு மட்டும் கேக்காதீய.”

“கேக்க மாட்டேன்.”

சோறு விழுந்தது. கறி விழுந்தது. அவன் பிசைந்தான். பிரீனா. சட்டி சுமந்த அப்பன். மதிலுக்கு வெளியே இலை. எந்த ஊராக இருக்கும், எந்தத் தெருவாக இருக்கும் என்று மனசு ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.