மயில்துத்தம் போடாத மலை

எட்டு மாதத்தில் மகன் பெஞ்சமின் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சை ரெபேக்காள் விரல்விட்டு எண்ணிவிடுவாள். அதில் ஒன்று, "போர்டே இல்லியே மச்சான், எத்த வெச்சி ஆட்றது?" என்பது. சாத்திய கதவுக்குப் பின்னால் ஜோஷ்வாவிடம் ஃபோனில் சொன்னது. அவளோ வெளியே துடைப்பத்தோடு நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

ஜோஷ்வா அணுபுரத்துப் பையன், பெஞ்சமினின் கூட்டாளி. வேலை கிடைத்து, வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை புனேவுக்குக் கிளம்புகிறான். போவதற்கு முந்தின நாள், ஞாயிறு நாலு மணிக்கு, கூட ஆடும் வாசுதேவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று கேட்டிருந்தான். பெஞ்சமின் சொன்னது சாக்கு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெற்றவளுக்கு அது வாக்குறுதியாகக் கேட்டது. வரமாட்டேன் என்றா சொன்னான்? போர்டு இல்லை என்றுதானே சொன்னான்! போர்டு இருந்தால் பிள்ளை வெளியே வந்துவிடுவான்.

அது ஒரு கற்பனை நாட்டு விளையாட்டு. மேசைமேல் மலையும் ஆறும் கோட்டையும் கையாலேயே செய்து வைத்து, விரல் உயரப் பொம்மை வீரர்களை நிறுத்திப் பகடை உருட்டி ஆடுவது. திருவிடந்தை அச்சுதன்தான் கதை சொல்லுவான். மற்ற மூன்று பேரும் வீரர்கள். அந்த மலையையும் கோட்டையையும் பெஞ்சமினும் அச்சுதனும் இதே கூடத்தில் உட்கார்ந்து ஆறு மாதமாகச் செய்தார்கள். கழுதை வயசாகியும் பொம்மை விளையாட்டா என்று ரெபேக்காளே வாய் ஓயாமல் திட்டியிருக்கிறாள். அந்த வாயை இப்போது நினைத்தால் அவளுக்கே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு நாள் கோட்டைக்கு அளவு பார்க்கிறோம் என்று இருவரும் ஆலம்பரைக் கோட்டை இடிபாடுகளைப் படம் எடுக்கப் போனார்கள். திரும்பும்போது ஈசிஆரில் மாடு குறுக்கே வந்தது. வண்டியை ஓட்டியவன் பெஞ்சமின். இருந்த ஒரே ஹெல்மெட்டும் அவன் தலையில் இருந்தது. அச்சுதன் அந்த இடத்திலேயே போய்விட்டான். துக்க வீட்டில் அச்சுதனின் அப்பா பாஷ்யம் பெஞ்சமினை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கைகூப்பினார், அவ்வளவுதான். நாலு அறை அறைந்திருந்தால்கூடப் பிள்ளை தாங்கியிருப்பான். மூன்றாம் நாள் மலை, கோட்டை எல்லாவற்றையும் பின்கட்டில் போட்டுக் கொளுத்திவிட்டு அறைக்குள் போனவன்தான்.

கொளுத்தியதைத் திரும்பக் கட்ட ரெபேக்காளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கடப்பாக்கம் கோயிலில் இருபது வருஷமாகக் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவள் அவள். தெர்மாகோலில் மாட்டுத் தொழுவம், மைதாப் பசையில் தோய்த்த செய்தித்தாளில் மலை எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் குடில் வேறு, இது வேறு. முதலில் அவள் கட்டிய பாலத்தில் யானையே ஊர்வலம் போகலாம். அவள் அனுப்பிய ஃபோட்டோவைப் பார்த்த ஜோஷ்வா, "ஆன்ட்டி, ஒரு கட்டம் ஒரு இஞ்ச்தான். பொம்ம கட்டத்துக்குள்ள நிக்கணும்" என்றான். பிய்த்துப் போட்டுவிட்டுத் தீக்குச்சியில் வேறு பாலம் கட்டினாள். ஆற்றுக்கு ஃபெவிகாலை ஏழு முறை பூசி ஏழு முறை காயவைத்தாள். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல்லாக நட்டாள். கோட்டைச் சுவரை ஜோஷ்வா அனுப்பிய பழைய ஃபோட்டோவைப் பார்த்துப் பார்த்துக் கல் கல்லாகக் கீறினாள். கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை முடித்து வந்த புருஷன் ஞானதாஸ், "வூடு பூரா குப்ப. அவன் வரமாட்டான், வுடு" என்றான். சொல்லிவிட்டு, அவள் நீட்டிய தெர்மாகோலைப் பேசாமல் பிடித்துக்கொண்டான்.

மைதாப் பசைக்கு ஒரு கணக்கு உண்டு. சுவரொட்டி ஒட்டுகிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். காய்ச்சி இறக்கும்போது கொஞ்சம் மயில்துத்தம் போட்டுவிட வேண்டும். நீலக் கல், விஷம். போட்டால் எலி, கரப்பான் எதுவும் வாய் வைக்காது. போடாவிட்டால் அவற்றுக்கு விருந்து வைத்த மாதிரி. இருபது வருஷத்தில் ஒரு குடிலுக்கும் அவள் அதைப் போடாமல் விட்டதில்லை. இந்தத் தடவையும் மறக்கவில்லை. கடை வாசல்வரைக்கும் போனாள். பிள்ளை அப்படி இருக்கிற வீட்டுக்குள் விஷத்தைக் கையால் வாங்கிக்கொண்டு நுழைவதா என்று நினைத்ததும் அப்படியே திரும்பிவிட்டாள். எலி மருந்திலிருந்து எல்லாவற்றையும் ஏற்கெனவே வெளியே எறிந்திருந்தாள். அவன் அறைத் தாழ்ப்பாளைக்கூடத் துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிக் கழற்றிவிட்டாள். பன்னிரண்டு நாள்தானே, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று வெறும் பசையையே காய்ச்சினாள்.

கர்த்தர் எலிகளையும் படைத்துத் தொலைத்திருக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு வந்து போர்டை மூடியிருந்த துணியை விலக்கினாள். மலையின் மேற்குப் பக்கம் முழுக்கக் குடைந்து கிடந்தது. பாலம் சரிந்து ஆற்றில் விழுந்திருந்தது. கோட்டைச் சுவரில் பல் பதிந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதைப் பார்க்க அவளைப் பார்த்தால் போதும். ஞானதாசுக்கு அன்று டூட்டி. வீட்டில் அவளும் சாத்திய கதவும்தான்.

இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. மறுபடி பசை காய்ச்சினாள். பொத்தலுக்குள் பழைய சேலையைக் கிழித்துத் திணித்தாள், மேலே காகிதத்தை ஒட்டினாள். "காஞ்சி தொலையேன்" என்று மலையைத் திட்டினாள். "ஒன்ன கையெடுத்துக் கும்புட்றேன், காஞ்சிடு" என்று கெஞ்சவும் செய்தாள். விசிறியின் கீழ் வைத்தால் புல் பறந்தது. வெயிலில் வைக்கலாம் என்றால் வானம் மூடிக்கொண்டிருந்தது. இரண்டரை ஆகியும் மலை கொழகொழவென்றே இருந்தது. புத்தி கெட்டுப்போய்க் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, போர்டைத் தூக்கி அனலில் காட்டினாள். தெர்மாகோலை அனலில் காட்டக் கூடாது என்று குடில் கட்டப் பழகும் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவள் அவள்தான்.

கோட்டை கண்ணெதிரில் சுருங்கியது. பல்லி போல ஒடுங்கி, கறுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆற்றோடு ஒட்டிக்கொண்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் போர்டைக் கூடத்தில் தரையில் வைத்தாள். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எட்டு மாதமாகப் பிள்ளை காதில் விழக் கூடாது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள், இன்று தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டுக் கதறினாள்.

கதவு திறந்தது.

"இன்னாம்மா, இன்னா கருகுது?"

தாடியும் குழிவிழுந்த கண்ணுமாக நின்றான். தரையில் கிடந்ததைப் பார்த்தவன் மெதுவாக மண்டியிட்டான். சுருங்காமல் மிஞ்சியிருந்த ஒரு மூலைச் சுவரை விரலால் தடவினான்.

"இது எங்க கோட்ட." பிறகு எலி கடித்த காகிதத்தைப் பிய்த்து முகர்ந்தான். "மைதாவா?"

"ம்."

"துத்தம் போடலியா?"

"மறந்துட்டேன்டா."

"நீயா? இருவது வருஷமா குடில் கட்டிகினு கீற. நீ மறப்பியா?"

சொல்லக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை.

"மறக்கல. கட வரிக்கும் போனேன். வாங்காம வந்துட்டேன். நீ கீற வூட்ல அத நான் எப்டிடா கொண்டாந்து வெப்பேன்?"

பெஞ்சமின் நிமிர்ந்து தன் அறைக் கதவைப் பார்த்தான். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை.

"துருப்புடிச்சிச்சின்னு சொன்ன."

"பொய் சொன்னேன்." அவன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். எட்டு மாதமாகத் தொண்டையிலேயே கிடந்த கேள்வி அது. "நெனச்சியாடா பெஞ்சு?"

அவன் உதடு கோணியது.

"நெனச்சேம்மா. நெறய நாளு."

இதைக் கேட்டால் செத்தேபோவோம் என்று ரெபேக்காள் எண்ணியிருந்தாள். சாகவில்லை. சந்தேகம் என்கிற பேய் ஒழிந்து, கையில் பிடிக்க ஒரு உண்மை கிடைத்தது. பசை அப்பிய கையோடு அவன் தோளை இறுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கி?"

"இன்னிக்கி இல்ல. காலைலேர்ந்து நீ மலகூட சண்ட போட்டுகினு இருந்தியே, அத கேட்டுகினு இருந்தேன்." மூச்சை இழுத்துவிட்டான். "நாளைக்கி எப்டின்னு தெரியல."

"நாளைக்கி வந்துச்சின்னா என்னாண்ட சொல்லு. தூங்கிகினு இருந்தாலும் ஒதச்சி எழுப்பு. கேக்குதா? டாக்டராண்ட போலாம், நைனாவும் வரும், மூணு பேரும் போலாம்."

தலையை ஆட்டினான். அப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது. துக்க வீட்டில் வராத அழுகை. மடியில் சாய்த்துக்கொண்டாள். இருபது வயதுப் பிள்ளையின் பாரம் தொடையை அழுத்தியது, அவள் அசையவில்லை.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. பைக் சத்தத்துக்கு அவன் உடம்பு தூக்கிப்போட்டது. ஜோஷ்வாவும் வாசுதேவனும் வாசலில் பேசிக்கொண்டே இறங்குவது கேட்டது.

"போர்டு போச்சே" என்றாள். "இன்னொரு நாளு பாக்கலாம்னு நானே சொல்லி அனுப்பிட்டா?"

பெஞ்சமின் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். கருகிய கோட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"வேணாம். அவங்களாண்டயும் சொல்லணும்மா. நீ போயி கதவ தொற."

ரெபேக்காள் கையைக்கூடக் கழுவாமல் போய்க் கதவைத் திறந்தாள்.