லைட் வைத்த உடம்பு

மணியம் மூன்று வருடமாக ஹாலில் பாய் போட்டுத்தான் படுக்கிறார். கூலிம் டவுனில் கம்பெனி பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். புராஸ்டேட்டில் புற்று வந்து, பினாங்கில் முப்பத்தேழு நாள் மெஷினில் படுக்க வைத்து லைட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு அவர் வைத்த பெயர் அது. முடிந்த அன்றே தலையணையைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு வந்துவிட்டார். உடம்புக்குள் லைட் தங்கியிருக்கிறதாம், பக்கத்தில் படுத்தால் மனைவி லோகேஸ்வரிக்கும் ஏதாவது வந்துவிடுமாம். எத்தனை நாளைக்கு என்று இருவருமே டாக்டரிடம் கேட்கவில்லை. அறுபது வயதில் இதை எந்த வாயால் கேட்பது?

லோகேஸ்வரிக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். வேறொன்றும் இல்லாவிட்டாலும் அந்தக் குறட்டையாவது காதருகில் வேண்டும். முப்பது வருடம் திட்டித் தீர்த்த குறட்டையை இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் கிடந்து ஏக்கத்தோடு கேட்டாள்.

போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஏதோ அளவு ஏறியிருந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஊசியால் சதைத் துண்டுகள் எடுத்தார்கள். முன்பு ஆபரேஷன் உண்டா என்று கேட்டதற்கு மணியம் இல்லை என்றார். மருந்து சாப்பிடுகிறீர்களா என்றதற்கும் இல்லை என்றார். லைட் இரண்டிலும் சேர்த்தியில்லையே! மனிதர் அவ்வளவு கறார்.

அவர் மீன் வாங்கப் பசாருக்குப் போயிருந்த நேரத்தில் போன் வந்தது. பேசியவர் சாந்தினி, அந்தத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டாக்டர். செல்களின் உட்கரு வீங்கி, பார்த்தவுடன் புற்று போலத்தான் இருக்கிறதாம். ஆனால் சுரப்பிகள் வரிசை குலையாமல் நிற்கின்றனவாம். அதுதான் அவருக்கு இடித்தது.

"அம்மா, அங்கிளுக்கு முன்னாடி ரேடியேஷன் கொடுத்தாங்களா? ஃபாரத்துல ஒண்ணும் எழுதலையே."

லோகேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். லைட் பட்டால் நல்ல செல்லும் இப்படி முகம் மாறிப்போகும் என்றார் சாந்தினி. சுரப்பியின் ஓரத்தில் இன்னொரு வரிசை செல் இருக்க வேண்டும், புற்றென்றால் அது இருக்காது. சாயம் போட்டுப் பார்த்துவிட்டு அழைப்பதாகச் சொன்னார்.

இரண்டு நாள் லோகேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. மணியத்திடமும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சாந்தினி அழைத்தார். "அந்த வரிசை அப்படியே இருக்கும்மா. எந்தத் துண்டுலயும் கேன்சர் இல்ல. ரத்தத்த மட்டும் விடாம பாக்கணும்."

லோகேஸ்வரி அழுதாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "டாக்டர், அந்த லைட்டு இன்னும் அவரு ஒடம்புல இருக்குமா?"

"இல்லம்மா. மெஷின ஆஃப் பண்ணதும் போயிருச்சு. அன்னன்னிக்கே."

யாரைத் திட்டுவது? ஹாலுக்கு வந்து மணியத்திடம் இரண்டு சேதியையும் சொன்னாள். முதலாவதுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவதைக் கேட்டுப் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"ஒனக்கு ஒண்ணும் வந்துறக் கூடாதுன்னுதான், லோகா."

"நீங்க வந்தா போதும்னுதான் நான் இருந்தேன்."

மணியம் தலையணையை எடுத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி அறை வாசலில் நின்றார். கட்டிலில் சுவரோரப் பாதியில் விரிப்பு கசங்காமல் கிடந்தது. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட லோகேஸ்வரி அந்தப் பக்கம் உருளவில்லை.