வெளியே நின்ற சக்கரம்

வகுப்பில் அவளுக்குச் சக்கரம் என்று பெயர். கூட்டத்தில் கலந்தால் தொற்று ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் ஓராண்டு வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டதால், இடுப்புயர எந்திரம் ஒன்று அவளுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. படுக்கையிலிருந்து அவள் பொத்தானை அழுத்தினால் அங்கே அது உருளும். அதன் உச்சியில் இருந்த திரையில் அவள் முகம் தெரியும்.

எல்லோரும் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று அவள் சொன்னபோதுகூடக் கைதட்டினார்கள். அன்றெல்லாம் அவள் அதையே யோசித்தாள். விருந்தாளிக்குத்தானே அப்படித் தட்டுவார்கள்? உடம்பு தேறி நேரில் போனாலும் விருந்தாளியாகவே உட்கார வைத்துவிடுவார்களோ?

அப்போதுதான் புதுக் கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தார். அவர் பலகைப் பக்கம் திரும்பியதும், பக்கத்து இருக்கை வாலு அவர் மூக்கைக் கத்தரிக்காயாக வரைந்து கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். சக்கரத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒலியைக் குறைக்க மறந்துவிட்டாள். வகுப்பே அதிர்ந்தது.

“யாரு அது?”

“சார், அவளுக்கு உடம்பு சரியில்ல சார்!”

“சிரிப்பு நல்லாத்தானே இருக்கு? வரைஞ்சவளும் சிரிச்சவளும் வெளியே போய் நில்லுங்க.”

நிலைப்படியில் எந்திரம் சிக்கிக்கொண்டது. “என்னடி இந்தக் கனம் கனக்கறே!” என்று வாலு முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். வெளியே நீளமான நடை. இப்போதுதான் துடைத்த ஈரத்தரையில் வெயில் பளபளத்தது. பக்கத்து வகுப்பு எதையோ கோரஸாக ஒப்பித்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வீட்டில் அம்மா அவள் அறைக்குள் ஓடிவந்தாள். “படுத்துக் கிடக்கிற புள்ளைய வெளியே நிறுத்துவாரா அந்த மனுஷன்? இரு, ஹெட்மாஸ்டருக்குப் போன் போடறேன்.”

“ஐயோ அம்மா, காரியத்தைக் கெடுத்துடாதே! எல்லாரையும் நிறுத்துற இடத்துல இன்னைக்குத்தான் என்னையும் நிறுத்தியிருக்காங்க.”

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு போனைக் கீழே வைத்தாள்.

“சரி. ஒழுங்கா நேரா நில்லு,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மணி அடித்ததும் வாத்தியார் வெளியே வந்தார். “இனிமே சிரிப்பீங்களா?”

“மாட்டோம் சார்.”

“ரொம்ப தேங்க்ஸ் சார்,” என்றாள் சக்கரம்.

“எதுக்கு?”

வாலு முந்திக்கொண்டாள். “அவ வெளியே போயி ரொம்ப நாளாச்சு சார்.”

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். “வீட்டுப்பாடம் பண்ணலேன்னா நாளைக்கும் இங்கதான், ரெண்டு பேரும்,” என்றுவிட்டு நடந்தார். சக்கரம் எந்திரத்தைத் திருப்பி, அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்காய் மூக்குதான். ஆனால் அவ்வளவு அழகான மூக்கை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.