நாற்பத்தோராம் பக்கம்

பாலம் இடிந்து பதினாறு பேர் ஆற்றோடு போனபோது, "எங்கே தவறு என்று ஒளிவுமறைவின்றி வெள்ளை அறிக்கை வைப்போம்" என்று அமைச்சர் சட்டப்பேரவையில் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அறிக்கை அச்சேற இருந்த காலை, அரசு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் தங்கையைத் தேடி அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் பாலங்கள் துறையில் பிரிவு அதிகாரி.

"நாப்பத்தொண்ணாம் பக்கத்தை எடுத்துடு. பொருளடக்கத்துலயும் ஒரு வரி போகணும்."

அவள் புரட்டிப் பார்த்தாள். மூன்றாம் தூணில் விரிசல் என்று பொறியாளர் ஒருவர் எட்டு மாதம் முன்பே எழுதிய கடிதத்தின் நகல். விசாரணைக் குழு சேர்த்தது. ஓரத்தில், கடிதத்தைப் பெற்றுக்கொண்டவரின் சுருக்கொப்பம். அந்தச் சுழிப்பு அவளுக்குத் தெரியாதா? அவளுடைய மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாகத் திருட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்த அதே கை.

அந்த ஒப்பத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அண்ணா, இது நீ போட்டது."

"தலைமைப் பொறியாளருக்கு அனுப்பினேன். பதில் வரல. திரும்பக் கேட்டிருக்கணும். விட்டுட்டேன்."

"எடுக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல."

அவள் திருத்தச் சீட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "எடுக்கச் சொன்னது நீதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

"கூடப் பொறந்தவன்கிட்டயே சீட்டா?"

"வெள்ளை அறிக்கைன்னா நடந்ததை நடந்தபடி சொல்றதுண்ணா. வெறும் வெள்ளைத்தாள் இல்ல."

அச்சுக்கூட மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஓட்டலாமா? பன்னெண்டு மணிக்கு அவையில இருக்கணும். கழுத்துக்கு மேல கத்தி தொங்குது."

அண்ணன் பேனாவைத் திறந்தான். எழுதாமல் நிறுத்தினான். "உன் அண்ணிகிட்ட என்ன சொல்லுவேன்?" என்றான், குரல் உடைந்து. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு தாள்தானே என்று உருவியும்விட்டாள். உருவிய தாளை அவள் மடியில் வைத்திருக்க, அவன் அதையே வெறித்துப் பார்த்தான். பிறகு அவனே வாங்கி, தாள்கட்டுக்குள் அது இருந்த இடத்திலேயே செருகினான்.

"ஓட்டச் சொல்லு."

பிற்பகல் எதிர்க்கட்சி அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்தது. கடிதத்தை அமுக்கிய தலைமைப் பொறியாளரும் அண்ணனும் ஒரே நாளில் பணியிடை நீக்கம். அண்ணி மூன்று மாதம் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. விசாரணைக்கு அழைப்பு வரும்போதெல்லாம் அண்ணன் மட்டும் அவளுக்குத்தான் போன் போடுவான்.

"நீயும் வா. தனியாப் போனா கைகால் உதறுது."

அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள்.