நீலப் பெயிண்டும் நாலு விளக்கும்

டிக்சனுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அழும். பெல்ட் போடவில்லை என்றால் அழும். பின்னால் ஒரு நாய் படுத்திருந்தால் அதற்கும் அழும். லாரியும் ஜீப்பும் ஓட்டிப் பழகின மனுஷனுக்கு, பால்குடி மறக்காத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஊர்ஊராகத் திரிகிற மாதிரி இருந்தது.

ஆனாலும் அதைத்தான் ஓட்டியாக வேண்டும். தூத்துக்குடியில் கடலடியில் வளர்கிற புல்லைக் கணக்கெடுக்கிற ஒரு சின்ன கான்ட்ராக்ட் ஆபீஸில் அவன் டிரைவர். முங்கிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பைபர் படகு உண்டு. படகை ஏற்றிப்போக ரெண்டு சக்கர டிரெய்லர், டிரெய்லரை இழுக்க இந்த அழுமூஞ்சிக் கார். டிக்சனுக்குச் சொந்த ஊர் பெரியதாழை. சங்கு குளிக்கப் போய் வலது காதில் ஜவ்வு கிழிந்த பிறகு கடல் அவனுக்கு இல்லை என்றாகிவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் இந்த வேலையும் போனால் வேறு எவனும் கூப்பிட்டு வேலை தர மாட்டான்.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரம், திருச்செந்தூர் ரோட்டில், டிரெய்லரின் பின்விளக்கு எரியாததால், பைக்கில் வந்த ஒருவன் படகின் பின்பக்கத்தில் மோதப் பார்த்தான். பிரேக் அடித்து நின்று, இவர்கள் குடும்பத்தில் யாரையும் விடாமல் திட்டிவிட்டுப் போனான். ஆபீஸர் விஜயராஜ் முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர். அவரைப் பார்த்து யாரும் அப்படிப் பேசியதில்லை.

"இங்க பாருய்யா டிக்சன்," என்றார். "சனிக்கிழமை காலைல படகு பெரியதாழைல இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள லைட் எரியணும். கார்ல கோளாறுன்னா நான் கம்பெனிகிட்டப் பேசிக்கிடுதேன். டிரெய்லர்ல கோளாறுன்னா அது உன் பொறுப்பு. வேற டிரைவர் பாத்துக்கிடுவேன்."

டிக்சன் சிரித்தே விட்டான். "டிரெய்லர்லயா? சார், அத நான் எங்க அண்ணன் படக விட நல்லா வச்சிருக்கேன். எல்லாம் இந்தக் கார் பண்ணுத கூத்து."

முதலில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆவுடையப்பனிடம் போனான். அம்பாசிடர் காலத்து எலக்ட்ரீஷியன். இன்னமும் அந்தக் காலத்திலேயே இருக்கிறவர்.

"இது ரெண்டு ஒயரு சமாச்சாரம்வே," என்றார் ஆவுடையப்பன். காரின் பின்விளக்கு ஒயரைப் பிளேடால் சீவி, டிரெய்லர் ஒயரை அதன்மேல் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. விளக்கைப் போட்டதும் காரின் திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்தது. அடுத்த நிமிஷம் காரின் சொந்த விளக்கிலேயே இடது பக்கம் அணைந்துவிட்டது. ஆவுடையப்பன் அதைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

"வண்டிதான்வே சரியில்ல. ஓவராப் படிச்ச வண்டி."

இந்த வார்த்தை டிக்சனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆபீஸரில் தொடங்கி, பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஆவுடையப்பன் சொன்னதாகச் சொன்னான்.

அடுத்து கார் வாங்கின ஷோரூம். அங்கே டை கட்டின ஒருவன், காரைத் தொடாமலே பதில் சொன்னான். "டிரெய்லருக்கு ஒயர் எடுத்தா வாரண்டி போயிடும் சார்."

"அப்ப பின்னால கொக்கி மாட்டி வித்தியளே, அது எதுக்கு? நான் கைலி காயப் போடவா?"

டை கட்டினவன் உள்ளே போய் இன்னொரு டை கட்டினவனைக் கூட்டி வந்தான். அவனும் வாரண்டி என்றான். ஒரே பாட்டை ரெண்டு பேர் பாடினால் அது கச்சேரி ஆகிவிடுமா? டிக்சன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில், வேறு போக்கிடம் இல்லாமல், எட்டயபுரம் ரோட்டில் நேசக்குமாரின் கடைக்கு வந்து சேர்ந்தான். படகும் டிரெய்லரும் பின்னால் இருந்தன. கடையில் நேசக்குமார் இல்லை. அவர் மனைவி தேவகனிதான் இருந்தாள். சாயர்புரத்துக்காரி. நைட்டிக்கு மேலே புருஷனின் பழைய காக்கிச் சட்டை.

"நேசக்குமாரு எங்க?"

"துறைமுகத்துக்கு லாரி ஏசி பாக்கப் போயிருக்காவ. ஒயரிங்னா நான்தான் பாப்பேன். வண்டியக் காட்டுங்கண்ணே."

"இது புது வண்டிம்மா. கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு."

"இருக்கட்டும். நான் என்ன புட்டு அவிக்கவா டெஸ்டரு வச்சிருக்கேன்?"

டிக்சன் நகர்ந்து நின்றான். தனக்குள்ளே மட்டும் சிரித்துக்கொண்டான். டை கட்டினவனுக்கே தெரியாததை நைட்டி கட்டினவள் கிழிக்கப் போகிறாளாக்கும்!

தேவகனி காரின் பின்பக்க உறையைக் கழற்றினாள். ஆவுடையப்பனின் டேப்பைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"யாருண்ணே இது? ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி சுத்தியிருக்கு."

"ஓவராப் படிச்ச வண்டிம்மா, அதான்..."

"வண்டியச் சொல்லாதிய. பழைய வண்டில ஒரு ஒயர்ல நாலு பல்பு கட்டுனாலும் அது கண்டுக்கிடாது. இது அப்படியில்ல. எந்த பல்பு எவ்வளவு கரண்டு குடிக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கும். கூடப் போச்சுன்னா, எங்கயோ ஓட்டைன்னு நெனச்சு லைன மூடிரும். அது தட்டுல கைய வச்சுட்டு, அது கத்துதுன்னு அதையே ஏசுதிய."

டேப்பைப் பிய்த்தாள். சீவின இடங்களைச் சரிசெய்தாள். பிறகு ஒரு சின்ன ரிலே பெட்டியை எடுத்து வந்தாள். டிரெய்லர் விளக்குக்கு வேண்டிய கரண்ட் பேட்டரியிலிருந்து நேரே தடித்த ஒயரில், பியூஸ் வைத்து, இந்தப் பெட்டிக்கு வந்துவிடும். காரின் விளக்கு ஒயரிலிருந்து 'இப்போ பிரேக், இப்போ இண்டிகேட்டர்' என்கிற தகவல் மட்டும்தான் வரும். கார் பாட்டுக்குத் தன் விளக்கை எரிக்கும், டிரெய்லர் பாட்டுக்குத் தன் விளக்கை எரிக்கும்.

மூன்று மணி நேரம் ஆனது. ஆன் செய்தால் மஞ்சள் முக்கோணம் வரவில்லை. காரின் ரெண்டு பக்க விளக்கும் ஒழுங்காக எரிந்தன. டிக்சனுக்கு அது லேசாக ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"டிரெய்லர் பிளக்க மாட்டுங்க," என்றாள்.

மாட்டினான். இடது இண்டிகேட்டர் போட்டால் ரெண்டு பக்கமும் மினுக்கியது, அதுவும் சாகப்போகிற மின்மினி மாதிரி. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்தது. பின்விளக்கைப் போட்டால் நாலு விளக்கும் ஒன்றையொன்று பார்த்து அணைந்து அணைந்து எரிந்தன. குருசடித் திருவிழாவுக்கு சீரியல் செட் போட்ட மாதிரி இருந்தது.

டிக்சனுக்கு உயிர் வந்தது. "பாத்தியாம்மா? நான் அப்பவே சொன்னேன்லா. வண்டிதான். பெட்டி வச்சாலும் கேக்காது, மந்திரிச்சாலும் கேக்காது. இனிமே சார்கிட்ட நான் நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்..."

தேவகனி அவன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. நீளமான ஒயர் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டினாள். மறுமுனையைக் கொண்டுவந்து டிரெய்லர் விளக்கின் இரும்புக் காலில் சுரண்டிப் பிடித்தாள்.

விளக்கு சிவப்பாக, கண் கூசுகிற மாதிரி எரிந்தது.

டிக்சன் குனிந்து விளக்கைப் பார்த்தான்.

"எர்த்து இல்லண்ணே," என்றாள் தேவகனி. டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். "இங்கன ஒரு போல்ட்டு இருக்கணுமே. ஒண்ணயும் காணோம். எல்லாம் நீலமாத் தெரியுது." கத்தியால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. "நீலம். அதுக்குக் கீழயும் நீலம். ஆத்தாடி, அதுக்குக் கீழயும் நீலம்! அப்புறம் செவப்பு. அதுக்கும் அடியிலதான் ஒயரு கெடக்கு. யாருண்ணே இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?"

யார் அடித்தது என்று டிக்சனுக்குத் தெரியாதா?

மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றிய படகை எல்லாம் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது கடற்கரையில் வழக்கம். ஒரு நகக்கண் அளவு இரும்பு வெளியே தெரிந்தாலும் உப்புக்காற்று உள்ளே புகுந்து தின்றுவிடும். அதனால் போல்ட்டைக்கூடக் கழற்றி, ஓட்டையின் உள்ளே அடித்து, மாட்டி, மறுபடி தலைமேல் அடிப்பார்கள். இந்த வருஷம் அண்ணன் படகுக்கு அடித்ததில் மிச்சம் இருந்த நீலத்தைக் கொண்டுவந்து, டிக்சன் இந்த டிரெய்லருக்கும் அதே மாதிரி அடித்தான். அடியில் துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு, மேலே மூன்று கோட்டிங். ஒவ்வொரு போல்ட்டும் கழற்றி. விளக்கின் கால்களையும் விடவில்லை. போட்டோ எடுத்து ஆபீஸருக்கு அனுப்பவும் செய்தான்.

"படகுல ஒவ்வொரு பல்புக்கும் போறதுக்கு ஒரு ஒயரு, வாரதுக்கு ஒரு ஒயரும்மா," என்றான் மெதுவாக. "பைபருல கரண்டு ஓடாதுல்லா."

"இதுல திரும்பி வாரதுக்கு இந்த இரும்புதான ஒயரு. வெறும் இரும்பு பட்டாத்தான் ஓடும். போறதுக்குக் கதவத் தொறந்து வச்சுட்டு, வார வழியில மூணு கோட்டிங் சுவர வச்சுக் கட்டியிருக்கிய. அது திரும்பி வர வழியில்லாம, எந்த பல்புக்குள்ள சந்து கெடைக்குன்னு அலையுது. பெறகு கார வேற ஏசுதிய. என்னையும் மனசுக்குள்ள ஏசியிருப்பிய."

"சே, உன்னய ஏசலம்மா."

"முகத்துல தெரிஞ்சுதுண்ணே."

போல்ட் இருந்த இடத்தை வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்தாள். புது முனை வைத்து இறுக்கினாள். அது போதாதென்று ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் ஒயர் இழுத்தாள். மேலே கிரீஸ் பூசினாள். இப்போது நாலு விளக்கும் சொன்ன பேச்சைக் கேட்டன.

சரியாக அந்த நேரத்தில் ஆட்டோவில் விஜயராஜ் வந்து இறங்கினார். ஒரு விளக்குக்கு மூன்று நாளா என்று கேட்டார். பிறகு, காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் எங்கே என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"நீங்களா? சரி, என்ன கோளாறு?"

"கார்ல ஒண்ணு, டிரெய்லர்ல ஒண்ணு சார்."

"டிரெய்லர்லயா?"

தேவகனி டிக்சனைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டாள். "எர்த்து போல்ட்ல பெயிண்டு. கரண்டு போகல."

விஜயராஜ் தலையை ஆட்டினார். "அந்த ஆவுடையப்பன் வேலைதானே? நெனச்சேன். ஒயர மறைக்கப் பெயிண்ட் அடிச்சு வச்சிருப்பான். இனி அவன் எந்த வண்டியத் தொடுதான்னு பாக்கேன். லாரி யூனியன்ல நமக்கு ஆள் இருக்கு. ஒரு போன் போதும்." போனை எடுத்தும் விட்டார்.

டிக்சன் சும்மா இருந்தால் வேலை தப்பும். ஆவுடையப்பன் ஒரு முட்டாள்தான், அவர் சுற்றின டேப்புக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். ஆனால் செய்யாத தப்புக்கு ஒரு கிழவனின் பிழைப்பில் மண் விழுவதா? அதுவும் இல்லாமல், ஒரு சொட்டு வழியாமல், ஒரு முடி ஒட்டாமல் அடித்த மூன்று கோட்டிங். அந்த ஆளுக்குப் பிரஷ் பிடிக்கத் தெரியுமா?

"பெயிண்ட் அடிச்சது நாந்தான் சார்."

"யாரு?"

"நாந்தான். தடைக்காலத்துல அடிச்சேன். ஒங்களுக்குப் போட்டோகூட அனுப்புனேன். நீங்க கைதட்டுத படம் அனுப்புனிய."

விஜயராஜ் போனை அணைத்துப் பையில் போட்டார். கையை நீட்டினார். "சாவியக் குடு."

டிக்சன் கொடுத்தான்.

"இத ஓட்டுததுக்கு ஒரு டிரைவர் வேறயா? நானே கொண்டு போறேன். நீ திங்கக்கிழமை வந்து கணக்கு முடிச்சுக்கோ."

ஏறி உட்கார்ந்தார். கடைவாசலில் இருந்து ரோட்டுக்கு டிரெய்லரைப் பின்னால்தான் எடுக்க வேண்டும். விஜயராஜ் வலது பக்கம் ஒடித்தார். டிரெய்லர் இடது பக்கம் போனது. இடது பக்கம் ஒடித்தார். அது வலது பக்கம் போய்க் காரையே திரும்பிப் பார்த்தது. முன்னால் எடுத்தார், பின்னால் எடுத்தார். ஐந்தாவது தடவை படகு ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன.

"ஏலே, படகு ரோட்டுலயே நங்கூரம் போட்டுட்டுடே!" என்று ஒரு லாரிக்காரன் கத்தினான்.

"சார், எறங்கித் துடுப்புப் போட்டுப் பாருங்க!" என்றான் இன்னொருவன்.

ஏழாவது தடவை படகின் பின்பக்கம் கரண்ட் கம்பத்துக்கு மூன்று விரல் தூரத்தில் நின்றது. தேவகனி வாசலில் நின்று சத்தம் கொடுத்தாள்.

"சார், பிரேக் லைட்டு நல்லாப் பளிச்சுன்னு எரியுது. ரோட்டுல எல்லாருக்கும் தெரியுது!"

விஜயராஜ் இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் சாவியை டிக்சன் பக்கம் நீட்டினார். பிறகு சுற்றிப் போய் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

டிக்சன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். டிரெய்லர் போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சமாக ஒடித்து, அது திரும்பினதும் பின்னாலேயே போய், ஒரே இழுப்பில் ரோட்டில் நிமிர்த்தினான். லாரிகள் நகர்ந்தன. மூன்றாம் மைல் தாண்டியதும் ஆபீஸர் கேட்டார்.

"காலைல எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"நாலரைக்கு சார்."

"ம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பெயிண்டு இன்னும் மிச்சம் இருக்கா?"

"அர டப்பா கெடக்கு சார்."

"அதத் தூக்கிக் கடல்ல போடு."

"கடல்லயா? போட்டா நீங்க எண்ணுத புல்லெல்லாம் செத்துருமே சார்," என்றான் டிக்சன், கியரை மாற்றிக்கொண்டே.