பிடியை விட்டுடாதீங்க

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தானாக வந்தது. நான் வேறொரு கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு மருமகன் புல்வெட்டி மிஷினின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். டர்ர்ர், டக். டர்ர்ர், டக். என் கதையைக் கிடப்பில் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டேன்.

(மிஷினும் கிளம்பவில்லை, என் கதையும் கிளம்பவில்லை என்று ஓர் ஒப்புமை வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே விடுவதாக இல்லை.)

2.

முதல் தொடக்கம்: "பனித்துளிகள் மின்னும் அந்தப் புல்வெளியில்..." வேண்டாம். புல் முழங்கால் உயரம். அதில் என்ன மின்னும்?

இரண்டாவது: "மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை." இது நிஜம். ஆனால் சண்டை என்று நினைத்துவிடுவீர்கள். சண்டையெல்லாம் இல்லை, வெறும் கூச்சம். மாமியாரை எப்படிக் கூப்பிடுவது என்று மருமகன் முதல் நாள் முடிவு செய்யவில்லை. 'அத்தை' என்றால் நாடகம் மாதிரி இருக்குமோ? 'அம்மா' என்றால் தன் அம்மா கோபித்துக்கொள்வாரோ? அன்று விட்டது, விட்டதுதான்.

நடுவில் மனைவி இருந்தாள். "அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளு." "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு." தூது போய் அலுத்துப்போனவள் ஒருநாள் கேட்டாள்: "ஒரு தடவை அத்தைன்னு கூப்பிட்டா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?"

அவள் அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறாள். நாளை வருகிறாள். அதற்குள் ஒரு தடவையாவது கூப்பிட்டுவிட வேண்டும் என்று மருமகன் தவித்துக்கொண்டிருக்கிறார். புல் வெறும் சாக்கு. (அவர் மனசுக்குள் நான் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவனுக்கு வேலி கிடையாது.)

3.

இந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கை எழுதி வைத்திருந்தேன். வந்தார், ஒரு திருகு திருகினார், மிஷின் கிளம்பியது, கதையும் முடிந்தது. மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆகவே மருமகனே பார்த்தார். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஃபில்டரைத் தட்டித் தூசி எடுத்தார். டர்ர்ர், டக்.

மாமியார் பின்வாசல் படியில் வந்து நின்றார். பக்கத்தில் ஒரு பூந்தொட்டிதான் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னார்: "கைப்பிடில ஒரு கம்பி சுத்தியிருந்துச்சு. துருப்பிடிச்சு அசிங்கமா இருக்கேன்னு நேத்து நான்தான் கழட்டிப் போட்டேன். அதனாலதானோ என்னவோ."

மருமகனும் தொட்டியிடமே கேட்டார்: "எந்த இடத்துலன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"

(சத்தியமாக நான் சேர்த்ததில்லை. அந்தத் தொட்டியில் செடிகூடக் கிடையாது.)

மாமியார் காற்றில் கை நீட்டிக் காட்டினார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. கைப்பிடியை ஒட்டி ஓர் இரும்புப் பிடி. அதை அழுத்திக்கொண்டிருந்தால்தான் இஞ்சின் ஓடும், விட்டால் நின்றுவிடும். இழுக்கிற கயிறோ கீழே இஞ்சினில் இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டும் எட்டாது. இத்தனை நாளும் பிடியைக் கைப்பிடியோடு அழுத்திக் கட்டியிருந்த அந்தத் துருப்பிடித்த கம்பிதான் இரண்டாவது ஆளாக இருந்திருக்கிறது.

வேறு கம்பி கட்டலாமே என்கிறீர்களா? வீட்டில் கம்பி இருந்தது. மாமியாருக்கும் தெரியும், மருமகனுக்கும் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

4.

மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து பிடியை இரண்டு கையாலும் அழுத்தினார். தொட்டி தூரத்தில் நின்றுவிட்டது.

"பிடிய விட்டுடாதீங்க," என்றார் மருமகன். நேராகத்தான் சொன்னார், ஆனால் மொட்டையாக.

"நான் விடல. நீங்க இழுங்க."

இழுத்தார். மிஷின் கனைத்துக்கொண்டு கிளம்பியது. அவருடைய இதயமும் அந்த இஞ்சினைப் போலவே... (போதும். சந்தோஷப்பட்டார்.) சந்தோஷத்தில் நிமிர்ந்து, மாமியாரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கத்தினார். இரைச்சலில் என் காதில் விழவில்லை.

5.

முடிவு ஒன்று: மாமியார் காதிலும் விழவில்லை, புல்லை வெட்டிவிட்டு உள்ளே போனார்கள். மனசு ஒப்பவில்லை.

முடிவு இரண்டு: மனைவி ஒருநாள் முன்னதாகவே வந்து... அவள் பாவம், பயிற்சியை முடிக்கட்டும்.

நடந்தது இது. "என்ன?" என்றார் மாமியார். மருமகன் மறுபடி சொன்னார். கேட்கவில்லை. காலையெல்லாம் பாடுபட்டுக் கிளப்பிய மிஷின். மாமியார் அதைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

டக்.

"இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை. என்னன்னு கூப்பிட்டீங்க?"

அவர் வாயைத் திறந்தார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். வேலி கிடையாது என்று பீற்றிக்கொண்டேனே, இருக்கிறது போலிருக்கிறது. ஓர் இடம் விட்டுவைக்கிறேன், உங்கள் வாயில் எந்த வார்த்தை நிற்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"_________," என்றார் மருமகன்.

வெகுநேரம் கழித்து மறுபடி மிஷின் சத்தம் கேட்டது. இந்தத் தடவையும் முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது.