ஞாயிற்றுக்கிழமை இறைப்பு

நேசராஜா மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கத்தரிக்காய்கூடப் பிடுங்கமாட்டார். வாழைக்குலை முறிந்து நிலத்தில் கிடந்தாலும் திங்கட்கிழமை விடியும்வரை அவர் கை அதில் படாது. பேனைக்கு மை விடுவதும் சைக்கிளுக்குக் காற்றடிப்பதும் சனிக்கிழமை பின்னேரமே முடிந்துவிடும். மனைவி நேசமலர் ஞாயிற்றுக்கான கறிகளை முதல்நாளே சமைத்து வைத்துவிட வேண்டும். சோறு மட்டும் சுடச்சுட இருக்கவேண்டும் என்பார். அந்தச் சோற்றை வடிப்பது வேலையா இல்லையா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நேசமலரும் கேட்டதில்லை. கேட்டால் அரைமணி நேரம் வேதவிளக்கம் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கோப்பாயில் அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் ஒரு பங்குக் கிணற்றிலிருந்து வந்தது. பங்குக் கிணறு என்றால் கிணறு பொது, நாள் தனி. ஒவ்வொரு பங்காளிக்கும் கிழமையில் ஒருநாள் முறை. தன் முறையைத் தவறவிட்டவன் அடுத்த கிழமைவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாஸ்டருக்குத் தகப்பன் வழியாக வந்த முறை ஞாயிற்றுக்கிழமை. அப்பரும் கிறிஸ்தவர்தான். ஆனால் காலையில் தேவாலயத்துக்குப் போய்விட்டுப் பின்னேரம் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைத்தவர். மகனுக்கு அது சரிப்படவில்லை.

அப்பர் செத்துத் தோட்டம் கைக்கு வந்ததும் மாஸ்டர் செய்த முதல் வேலை, பக்கத்துத் தோட்டக்காரர் கந்தப்புவிடம் போய் நாள் மாற்றக் கேட்டதுதான். கந்தப்புவுக்குச் சனிக்கிழமை முறை. அவர் பிடரியைச் சொறிந்துகொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு, "ஓம் மாஸ்டர், உங்களுக்குக் கோயில் எண்டால் மாத்துவம்" என்றார். அவ்வளவுதான். கைச்சாத்துமில்லை, சாட்சியுமில்லை.

ஆனால் மாஸ்டர் அதை ஒரு சாட்சியாக்கிவிட்டார். ஒவ்வொரு வருஷமும் சபையின் சாட்சிக் கூட்டத்தில் எழும்பி நின்று, கர்த்தர் தமது நாளைக் காப்பதற்காக ஒரு சைவக்காரருடைய இருதயத்தையே திருப்பினார் என்று சொல்லுவார். சபையார் தலையாட்டுவார்கள். கந்தப்பு பிடரியைச் சொறிந்துகொண்டு என்ன யோசித்தார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மாஸ்டருக்கும்தான்.

தேவாலயத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு வேலியும் நாலு வரம்பும்தான். ஞாயிறு ஆராதனை நடக்கும்போது கந்தப்பு துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பதும், துலா கிறீச்சிடுவதும், அவர் தேவாரம் பாடுவதும் தெற்கு யன்னலால் வந்துகொண்டேயிருக்கும். தேவாரம் உரத்துவிட்டால் போதகர் கண்ணைக் காட்டுவார். யாராவது போய் யன்னலைச் சாத்துவார்கள். வேர்த்துக் கொட்டினாலும் சாத்துவார்கள்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம். சபையார் ஒருவர் பிரசங்கம் செய்யும் ஞாயிறு வந்தது. இந்தமுறை மாஸ்டர் பேசட்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். மாஸ்டர் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு அது. பிரசங்கம் நன்றாக அமைந்தால் அவரைச் சபை மூப்பராக்குவார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. 'மெய்யான ஆராதனை' என்று தலைப்பு வைத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று கையசைத்துப் பழகினார். கந்தப்பு நாள் மாற்றித் தந்த கதையை நல்ல உச்சத்தில் வருகிறமாதிரி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தப்பு வேலியில் ஓலை விலகியிருந்த பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார்.

"மாஸ்டர், ஒரு உதவி கேட்கலாமோ?"

"சொல்லுங்கோ அண்ணை."

"இந்தக் கிழமை மட்டும் நாளைப் பழையபடி மாத்துவமோ? நாளைக்குச் சனி நான் இறைக்கிறன். ஞாயிறு நீங்கள் இறையுங்கோ. பேத்திக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பிழைச்சது தெரியும்தானே? சுகம் வந்தால் ஆவணி ஞாயிறு நாகதம்பிரான் கோயில் வீதியிலை உருண்டு பிரதட்டை பண்ணுறன் எண்டு நேர்ந்தனான். வாற ஞாயிறு கடைசி ஞாயிறு."

"ஐயோ அண்ணை, உங்களுக்குத் தெரியாததே? ஞாயிற்றுக்கிழமை நான் இறைக்கிற பட்டையிலை கை வைக்கமாட்டன். அதோடை இந்த ஞாயிறு பிரசங்கமும் என்ரை." மாஸ்டர் சிரித்தார். "வேறையொரு நாள் உருண்டால் உங்கடை சாமி ஏற்காதோ?"

கந்தப்பு முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஏற்கும், ஏற்கும். உங்கடை பிரசங்கம் நல்லாய் நடக்கட்டும்" என்று சொல்லித் தலையை இழுத்துக்கொண்டார்.

குசினி வாசலில் நின்ற நேசமலருக்கு எல்லாம் கேட்டது. "இஞ்சேருங்கோ, நாளைக்கு அவை இறைக்கட்டுமன். நாங்கள் இந்தக் கிழமை இறைக்காமல் விடுவம். உங்களுக்கு ஞாயிறும் தப்பும், அவைக்கு நேர்த்தியும் முடியும்."

"என்ன கதைக்கிறாய்? மிளகாய் காய்க்கிற நேரம் ஒரு கிழமை தண்ணியில்லாமல் விடுறதோ?"

"அப்ப அவையின்ரை மிளகாய் மட்டும்—"

"உனக்கு விளங்காது. நீ போய் அலுவலைப் பார்."

அவளுக்கு நன்றாகவே விளங்கியது. போய் அலுவலைப் பார்த்தாள். மாஸ்டர் சனிக்கிழமை கூலியாட்களை வைத்துத் தன் தோட்டத்தை வயிறு நிறைய இறைப்பித்தார்.

ஞாயிறு காலை சலவை வேட்டியும் வெள்ளை நாஷனல் சட்டையுமாய், வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வரம்பால் நடந்தார். நேசமலர் பின்னால் வந்தாள். கிணற்றடியைக் கடந்துதான் தேவாலயத்துக்குப் போகவேண்டும். கந்தப்பு துலாவின்மேல் நடந்துகொண்டிருந்தார். அவருடைய மைத்துனன் ஏரம்பு கிணற்று மிதியில் நின்று பட்டையைத் தாழ்த்தி வாங்கி ஊற்றினார். கந்தப்புவின் மனைவி கனகாம்பிகை மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பினாள்.

"என்ன அக்கா, காலமையே தொடங்கியாச்சோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

கனகாம்பிகை மண்வெட்டியை ஊன்றினாள். "நேற்று இரவிலையிருந்து அவர் வாயிலை பச்சைத் தண்ணி வைக்கேல்லை மாஸ்டர். ஆவணி ஞாயிறு விரதம். போன கிழமை துலாவிலை நிக்கேக்கை தலை சுத்தி, கிணத்துக்கை விழப் பாத்தவர்."

"விரதமோ? அண்ணை விரதம் பிடிக்கிறவரோ?"

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து பிடிக்கிறார். முந்தி ஞாயிறு எண்டால் விடியக் கோயிலுக்குப் போயிடுவார். நீங்கள் நாள் மாத்தினாப்பிறகு எங்கை போறது? இறைச்சு முடிய அங்கை மத்தியானப் பூசை முடிஞ்சிடும். ஆவணி முழுக்கப் பட்டினி மட்டும்தான், கோயிலில்லை."

"நீ சும்மா இரப்பா!" என்று துலாவிலிருந்து கந்தப்பு சத்தம் போட்டார். "மாஸ்டர், நீங்கள் போங்கோ. மணி அடிக்கப்போறாங்கள்."

மணி அடித்தது. மாஸ்டர் போனார். கால் பழகின வழியால் நடந்துபோக, முன்வரிசை வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டுப் பாடினார்கள், அவர் வாயசைத்தார். ஜெபம் நடந்தது, கண்ணை மூடினார். கண்ணை மூடினால் துலாச் சத்தம் இன்னும் துலக்கமாய்க் கேட்டது. இத்தனை வருஷமும் கேட்ட அதே சத்தம்தான். பசித்த வயிற்றோடு ஒரு மனுசன் தன் தலைக்குமேல் நடக்கிறமாதிரி அன்றைக்குத்தான் இருந்தது.

பிரசங்க மேடையில் ஏறினார். தொடக்கம் நன்றாகத்தான் வந்தது. ஓய்வுநாளைப் பற்றிச் சொன்னார், ஆண்டவருக்கு உரியதை ஆண்டவருக்குக் கொடுக்கவேண்டும் என்று சொன்னார். முன்வாங்குக் கிழவர்கள் தலையாட்டினார்கள். "நம்முடைய நாளைக் காத்துக்கொள்ள விரும்பினால், அதற்கு ஆண்டவர் வழி திறப்பார். என்னுடைய அயலவர் ஒருவர்…" என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது.

வெளியே தேவாரம் கேட்டது. வழக்கம்போல உரத்து இல்லை. இடையிடையே மூச்சு வாங்கி, விட்டு விட்டு வந்தது. போதகர் வழக்கப்படி கண்ணைக் காட்டினார். ஒருவர் எழும்பி யன்னலடிக்குப் போனார்.

"சாத்தவேண்டாம்" என்றார் மாஸ்டர்.

போனவர் கொளுக்கியில் கை வைத்தபடி நின்றார்.

"நான் வருஷா வருஷம் உங்களுக்குச் சொன்ன சாட்சி பிழை" என்றார் மாஸ்டர். எழுதிப் பழகின தமிழ் அத்தோடு அவரை விட்டுப்போனது. "எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தந்தது கந்தப்பு அண்ணை. அவர் தன்ரை கோயிலை விட்டுத் தந்தவர். நான் அவரைக் கேட்கவுமில்லை. வெள்ளிக்கிழமை வந்து ஒரேயொரு நாள் திருப்பிக் கேட்டார், நான் சிரிச்சன். இப்ப அவர் தண்ணியும் குடியாமல் துலாவிலை நிக்கிறார். உது என்ரை முறை. நான் போகவேணும்."

மேடையிலிருந்து இறங்கி, நடு வழியால் நடந்து வெளியே போனார். செருப்பை மறந்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து நேசமலர் எழும்பிப் பின்னால் போனாள். போதகர் நல்ல மனுசன்தான். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி எல்லாரையும் எழுந்து நிற்கச் செய்தார்.

கிணற்றடியில் கந்தப்பு அவர்களைக் கண்டு துலாவை நிறுத்தினார். "என்ன மாஸ்டர், அதுக்கிடையிலை முடிஞ்சுதோ?"

"முடியேல்லை. இறங்குங்கோ அண்ணை. பூசைக்கு இன்னும் நேரம் இருக்கு."

"விசர்க்கதை கதையாதேங்கோ. இண்டைக்கு ஞாயிறு."

"ஞாயிறு என்ரை முறைதானே? அப்பர் மிதிச்ச துலா. இறங்குங்கோ."

"உங்கடை ஆண்டவர் கோவிச்சால்?"

"அவரோடை நான் கதைக்கிறன். நீங்கள் உங்கடையவரிட்டைப் போங்கோ."

கந்தப்பு இறங்கினார். நிலத்தில் கால் பட்டதும் கொஞ்சம் தள்ளாடினார். மாஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தோள் எவ்வளவு மெலிந்திருந்தது என்பது அவருக்குச் சுரீரென்றது. ஏரம்பு இரண்டு பட்டைத் தண்ணீரை மளமளவென்று கந்தப்புவின் தலையில் ஊற்றினார். ஈர வேட்டியோடேயே புருஷனும் பெண்சாதியும் பஸ் றோட்டுப் பக்கம் ஓடினார்கள்.

மாஸ்டர் துலாவில் ஏறினார். கூலியாட்களை ஏற்றிப் பழகியவர் தான் ஏறி எத்தனையோ காலம். நாலாம் நடையிலேயே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"கீழை பாராதேங்கோ மாஸ்டர். வேலியைப் பாத்து நடவுங்கோ" என்றார் ஏரம்பு.

வேலியைப் பார்த்து நடந்தார். நேசமலர் ஞாயிற்றுக்கிழமைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். கொஞ்சநேரத்தில் தேவாலயம் கலைந்து ஆட்கள் அந்த வேலியோரம் வந்து நின்றார்கள். சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கோபம். மூப்பர் ஒருவர், "ஓய்வுநாளிலை, அதுவும் சைவக்காரன்ரை நேர்த்திக்கு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் மாஸ்டரை யாரும் மூப்பராக்கவில்லை, அடுத்த வருஷமும் ஆக்கவில்லை. போதகர் மட்டும் கடைசிவரை நின்றார். வரம்போரம் கிடந்த கல்லில் மாஸ்டரின் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இறைத்து முடிய வெயில் சாய்ந்துவிட்டது. வீட்டில் சோறு வடிக்கவில்லை. மாஸ்டர் கேட்கவுமில்லை. நேசமலர் அலுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள். அவர் எழும்பிக் குசினிக்குள் போய், அரிசிப் பானை எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தபோது வேலிப் பொட்டில் கந்தப்புவின் குரல் கேட்டது.

கந்தப்புவின் முதுகெல்லாம் கோயில் வீதி மணல். நெற்றியில் திருநீறு. கையில் கடதாசியில் சுற்றிய ஒரு சரை.

"அண்ணை, சரிவந்துதோ?"

"முழு வீதியும் உருண்டிட்டன் மாஸ்டர்." கந்தப்புவின் முகம் கழுவி விட்டமாதிரி இருந்தது. சரையை நீட்டினார். "கச்சான் கடலை. இது படைச்சதில்லை, வாசல் கடையிலை காசு குடுத்து வாங்கினது. படைச்சது நீங்கள் தின்னமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்தானே. அதை வேறையாய் முடிஞ்சு வைச்சிருக்கிறன், பயப்பிடாதேங்கோ."

மாஸ்டர் சரையை வாங்கினார். இந்த வீட்டில் எது ஆகும், எது ஆகாது என்று கந்தப்புவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முதல்நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்து, மணலில் உருண்டு எழும்பின மனுசன் கடை வாசலில் நின்று அதையும் யோசித்திருக்கிறார். தனக்கு அவருடைய ஒரு விரதநாள்கூடத் தெரியவில்லை. வெட்கத்தில் மாஸ்டருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

"அண்ணை, இனி ஆவணியிலை ஞாயிறு நான் இறைக்கிறன். அப்பரைப்போலப் பின்னேரம் இறைக்கிறன்."

கந்தப்பு பிடரியைச் சொறிந்தார்.

"என்ன யோசிக்கிறியள்?" என்று மாஸ்டர் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்டுமில்லை" என்றார் கந்தப்பு. "நீங்கள் துலா மிதிச்சதெண்டு ஏரம்பு சொன்னவன். வாற ஆவணிக்கிடையிலை உங்களுக்கு அதைக் கொஞ்சம் பழக்க வேணும். விழுந்து துலைஞ்சியள் எண்டால் நேசமலருக்கு ஆர் பதில் சொல்லுறது?"

உள்ளே நேசமலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாஸ்டர் சரையைப் பிரித்து வேலிப் பொட்டில் வைத்தார். அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாய்க் கச்சானை உடைத்துத் தின்றார்கள். பிறகு அவர் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தார்.